கார் ஸ்ராட் ஆகவில்லையா? புதுப் பற்றறி வாங்க முதல் இதைப் பாருங்கோ



குளிர் தொடங்கினால் எங்களிடம் வருகிற விசாக் கடிதம், வீட்டுக் கடிதங்களோடு கராஜ் பில்லுகளும் சேர்ந்து வரும். அண்மையில் ஒரு சகோதரர் ஒரே குளிர்காலத்தில் இரண்டு புதுப் பற்றறி போட்ட பில்லுகளைக் கொண்டுவந்தார். முதியோர் இல்லமொன்றில் வேலை. விடிய ஆறு மணிக்கு அங்கே நிற்கவேணும், அந்த நேரத்தில் பஸ்ஸும் இல்லை. மூன்று தரம் பிந்திப் போனதால் வேலையிடத்தில் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் பார்த்தால் பழுது பற்றறியிலேயே இல்லை. எஞ்சினையும் கார் உடம்பையும் இணைக்கிற ஒரு பின்னல் வயர் கறள் பிடித்துக் கிடந்தது. ஒரு பற்றறியின் விலையோடு பார்த்தால் அந்த வயர் சில்லறைக் காசு.

இந்தக் கட்டுரை இங்கிலாந்தில் எங்கள் ஆட்கள் பெரும்பாலும் வாங்கி ஓடுகிற பழைய பெற்றோல் கார்களைப் பற்றியது. ஹைபிரிட், மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்து ஒன்றிலும் கை வைக்கவேண்டாம்.

முதலில் காதைக் கொடுங்கோ. திறப்பைத் திருப்பினால் "டிக் டிக் டிக்" என்று வேகமாக அடிக்குதா? பற்றறியில் சார்ஜ் குறைவு, அல்லது பற்றறி முனைகளில் பிடிப்புச் சரியில்லை. ஒரேயொரு "டக்", பிறகு ஒன்றுமில்லை என்றால் ஸ்ராட்டர் மோட்டரையோ, அதற்குப் போகிற தடித்த வயர்களையோ சந்தேகிக்கவேணும். எஞ்சின் வழமையான வேகத்தில் சுத்துது, ஆனால் பத்துதில்லை என்றால் பற்றறியும் ஸ்ராட்டரும் பெரும்பாலும் நல்லாகத்தான் இருக்கு. அதற்குப் புதுப் பற்றறி போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை.

பிறகு ஹெட்லைற்றைப் போட்டுவிட்டுத் திறப்பைத் திருப்புங்கோ. வெளிச்சம் அணையிற மாதிரி மங்கினால் பற்றறி அல்லது முனை. வெளிச்சம் அப்படியே பிரகாசமாக நிற்குது, ஸ்ராட்டரும் அசையவில்லை என்றால், ஸ்ராட்டருக்கு மின் போய்ச் சேரவில்லை.

"ரேடியோ பாடுது, லைற் எரியுது, பிறகெப்படி வயர் பழுது?" என்று பலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஓமின் விதி பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள்: தடையை மின்னோட்டத்தால் பெருக்கினால் வருவது வோல்ற் இழப்பு. கறள் பிடித்த ஒரு இணைப்பில் 0.02 ஓம் தடை இருக்குது என்று வைப்போம். ஹெட்லைற் இரண்டுக்கும் 10 அம்பியர் அளவில்தான் வேணும். இழப்பு 0.2 வோல்ற், கண்ணுக்கே தெரியாது. ஸ்ராட்டர் 150 அம்பியர் இழுத்தால் அதே இணைப்பில் 3 வோல்ற் போய்விடும். 12 வோல்ற்றில் 3 போனால் மோட்டர் எப்படிச் சுத்தும்? அதனால்தான் லைற் எரிவதை மட்டும் வைத்து ஒன்றும் முடிவு செய்யக்கூடாது.

பொனற்றைத் திறந்து பற்றறி முனைகளைப் பாருங்கோ. வெள்ளை அல்லது பச்சைப் பொடி படிந்திருந்தால், கையால் அசைக்க வயர் ஆடினால், பாதிக் கதை முடிந்தது. மோதிரம், காப்பு, தொங்குகிற சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கோ. தங்கம் மின்னைக் கடத்தும், விரலைச் சுட்டுவிடும். மறை முனையை (−) முதலில் கழற்றி, கடைசியில் பூட்டவேணும். சுடுதண்ணீரில் அப்பச்சோடா கரைத்துக் கழுவி, துடைத்து, கம்பிப் பிரஷ்ஷால் உலோகம் மினுங்கும்வரை உரஞ்சி, இறுக்கிப் பூட்டி, மேலே கொஞ்சம் வாஸ்லின் பூசுங்கோ. சில பழைய கார்களில் பற்றறியைக் கழற்றினால் ரேடியோ கோட் கேட்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

பத்துப் பவுண்ஸ் அளவில் ஒரு மல்ரிமீற்றர் வாங்கலாம். ஒரு தெருவில் நாலு குடும்பத்துக்கு ஒன்று போதும். இரவு முழுக்க நின்ற காரில், காலையில் திறப்பைத் தொட முதல் அளந்தால், 12.6 வோல்ற் என்றால் பற்றறி நிறைவு. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் பண்ணிப் பார்க்கவேணும். நன்றாகச் சார்ஜ் பண்ணியும் எஞ்சினைச் சுத்தும்போது, பற்றறி முனைகளிலேயே அளக்க 9.6-க்குக் கீழே விழுந்தால் பற்றறிதான் முடிந்தது, மாத்துங்கோ. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டவேணும். 12 சொச்சத்திலேயே நின்றால் அல்ரனேற்றர் சார்ஜ் பண்ணவில்லை. புதுப் பற்றறி போட்டாலும் அதுவும் கொஞ்ச நாளில் படுத்துவிடும்.

அந்தச் சகோதரரின் பழுதைக் கண்டுபிடிக்க மீற்றர்கூடத் தேவையில்லை. எஞ்சின் றப்பர்த் தாங்கிகளில் இருப்பதால், ஸ்ராட்டருக்குப் போன மின் திரும்பிவர ஏர்த் வயர் ஒன்று வேணும். காரை நியூற்றலில் விட்டு, ஹான்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, ஜம்ப் லீட்டின் ஒரு பக்கத்தைப் பற்றறியின் மறை முனையிலும், மற்றப் பக்கத்தை எஞ்சினில் பெயின்ற் இல்லாத உலோகத்திலும் கவ்வ விடுங்கோ, பெல்ற்றுகளுக்குத் தள்ளி. இப்போது ஸ்ராட் ஆனால் குற்றவாளி அந்த ஏர்த் வயர்தான்.

சத்தமே இல்லையென்றால்? ஓட்டோமற்றிக் கார் என்றால் கியரை N-இல் போட்டு முயன்று பாருங்கோ. பியூஸ், ரிலே பாருங்கோ. 1998 ஒக்ரோபருக்குப் பிறகு இங்கே வந்த கார்களில் இமொபிலைசர் இருக்கும். திறப்புக்குள் ஒரு சிறிய சிப். சந்தையில் மலிவாக வெட்டின மாத்துத் திறப்பு கதவைத் திறக்கும், ஆனால் எஞ்சின் சுத்தியும் பத்தாது, அல்லது பத்தி உடனே நிற்கும். டாஷ்போட்டில் திறப்புப் படம் மினுங்கினால் மற்றத் திறப்பைப் போட்டுப் பாருங்கோ.

இரண்டு நாள் நிற்பாட்டினால் மட்டும் பற்றறி இறங்குது என்றால், எங்கேயோ மின் ஒழுகுது. டிக்கிக்குள் இருக்கிற 5 வாட் பல்ப் அணையாமல் இருந்தாலே 60 அம்பியர்-மணிப் பற்றறி மூன்று நாளில் பாதியாகிவிடும். குளிரில், பழைய பற்றறி என்றால் அதுவே போதும். ஃபோனை வீடியோ எடுக்கவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடிப் பாருங்கோ, தெரியும்.

கராஜுக்குப் போனால் "கார் ஸ்ராட் ஆகவில்லை" என்று மட்டும் சொல்லவேண்டாம். கேட்ட சத்தத்தையும் கண்ட எண்ணையும் சொல்லுங்கோ. "பிளீஸ் டூ எ வோல்ற்றேஜ் ட்ரொப் டெஸ்ற் பிஃபோர் யூ சேஞ்ச் எனிதிங்" என்று கேளுங்கோ. இணைப்புகளில் எவ்வளவு வோல்ற் இழக்குது என்று பார்க்கிற, சில நிமிட வேலை அது. கழற்றுகிற பழைய பாகத்தைத் தரச்சொல்லி வேலை தொடங்க முதலே சொல்லிவிடுங்கோ. 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யவேண்டியது அவர்கள் பொறுப்பு. செய்யாவிட்டால் காசில்லாமல் திரும்பச் செய்யச்சொல்லிக் கேட்கலாம். அதே சட்டப்படி, டீலரிடம் வாங்கிய கார் வாங்கும்போதே பழுதாக இருந்திருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கக் கேட்கலாம். தனியாளிடம் வாங்கியதற்கு இது பொருந்தாது. எங்களிடம் உதவிக்கு வருபவர்கள் எல்லாப் பில்லுகளையும் திகதி வரிசையில் அடுக்கிக் கொண்டுவாருங்கோ. வேலைக்குப் பிந்தின நாட்களையும் எழுதிக் கொண்டுவந்தால், வேலையிடத்துக்குக் கடிதம் எழுத அது உதவும்.