டோக்கியோ அடுக்களையில் ஒரு தேசபக்தர்

‘கறி’ என்பது நம்முடைய சொல். சங்கப் புலவர்கள் மிளகையே அப்பெயரால் வழங்கினர். பிற்காலத்தில் அது சமைத்த காய்க்கும் இறைச்சிக்கும் ஆகி வந்தது. போர்த்துகீசியரும் ஆங்கிலேயரும் அந்தச் சொல்லைக் கப்பலேற்றிக் கொண்டுபோயினர். இன்று ஜப்பானில் சிறு குழந்தையைக் கேட்டாலும் ‘கரே’ என்றால் இன்னதென்று சொல்லும். ஆனால் அயலூரில் வளர்ந்த பிள்ளைக்குத் தாய்வீட்டுச் சாயல் எவ்வளவு இருக்கும்?

ஜப்பானியருக்குக் கறியைக் கற்பித்தவர்கள் நாம் அல்ல, ஆங்கிலேயரே. 1872-ம் ஆண்டு வெளியான ஜப்பானிய மேல்நாட்டுச் சமையல் புத்தகங்களில் அதன் செய்முறை முதன்முதலாகக் காணப்படுகிறது. கோதுமை மாவோடு சீமையிலிருந்து வந்த மசாலாப் பொடியைச் சேர்த்துக் கூழ்போல் கொதிக்கவைத்துச் சோற்றின்மேல் ஊற்றுவது அந்த முறை. இதற்கு இந்தியாவின் பெயரையும் சூட்டிவிட்டார்கள்! இந்த அபவாதத்தைத் துடைக்க ஒருவர் முன்வந்தார். அவர் சமையற்காரர் அல்லர். பிரிட்டிஷ் சர்க்கார் உலகெங்கும் வலைவீசித் தேடிய புரட்சிவீரர் ராஷ் பிஹாரி போஸ்.

1912-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி டில்லியில் யானைமீது பவனி வந்த வைஸ்ராய் ஹார்டிஞ்சு பிரபுவின்மேல் வெடிகுண்டு விழுந்ததை நேயர்கள் அறிவார்கள். அந்த ஏற்பாட்டில் முக்கியஸ்தர் போஸ். 1915-ல் லாகூரில் திட்டமிட்ட சிப்பாய்க் கிளர்ச்சியும் காட்டிக்கொடுக்கப்படவே, தாகூர் குடும்பத்தவர் என்று பெயர் மாற்றிக்கொண்டு கல்கத்தாவில் கப்பல் ஏறி ஜப்பான் சேர்ந்தார். ஜப்பானோ அப்போது இங்கிலாந்தின் நேச நாடு. டிசம்பர் 2-ந் தேதிக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டுமென்று அவருக்கு உத்தரவு பிறந்தது. கப்பல் ஷாங்காய்க்கோ ஹாங்காங்குக்கோதான் போகும். போனால் தூக்குமரந்தான்.

கெடு முடியுந் தறுவாயில், செல்வாக்கு மிகுந்த டோயாமா மித்ஸுரு என்பவரின் வீட்டுக்குப் போஸ் விடைபெறச் சென்றார். ஜப்பானில் நம் வழக்கம்போலவே பாதரட்சையை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பாதரட்சைகள் வாசலில் கிடந்தன; ஒற்றர்கள் அவற்றைக் கண்கொட்டாமல் காவல் காத்தார்கள். பாதரட்சைக்கு உரியவரோ கொல்லைப்புறமாக வெளியேறி நெடுநேரம் ஆகியிருந்தது!

அவர் போய்ச் சேர்ந்த இடம் ஷிஞ்சுக்குப் பகுதியில் ‘நாகமுராயா’ என்னும் ரொட்டிக்கடை. அதை நடத்தியவர்கள் ஸோமா ஐஸோவும் அவர் மனைவி கொக்கோவும். முன்பின் அறியாத அந்நியருக்காகத் தங்கள் தொழிலையும் குடும்பத்தையும் பணயம் வைத்தார்கள் அத்தம்பதிகள். கடைச் சிப்பந்திகளுக்கும் விஷயம் தெரியும். ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வெளிவரவில்லை. கடையின் பின்கட்டில் மாதக்கணக்காக ஒளிந்திருந்தவருக்கு ஜப்பானிய பாஷை தெரியாது. கொக்கோ அம்மாளுக்குத் தெரிந்த ஆங்கிலமே பாலமாயிற்று.

ஜப்பானிய இல்லத்துச் சாப்பாடு எளிமையானது. குழைந்த சோறு, சோயாவைப் புளிக்கவைத்துச் செய்த ‘மிஸோ’ கரைத்த சாறு, ஒரு துண்டு மீன், உப்பில் ஊறிய முள்ளங்கி. சாற்றுக்குச் சாரம் தருவது கடற்பாசியும் உலர்ந்த மீன் சீவலும். தாளிப்பு என்ற பேச்சே இல்லை. நம் நாக்குக்கு முதல் நாள் பத்தியச் சாப்பாடாகவே தோன்றும். மசாலை மணத்தில் வளர்ந்தவருக்கு, அதுவும் வெளியே தலைகாட்ட முடியாதவருக்கு, அந்தச் சாப்பாட்டு வேளை எத்தனை நினைவுகளைக் கிளறியிருக்கும் என்பதைத் தாய்மார்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

ஒளிவு வாசம் நீங்கிய பின்னும் ஆபத்து நீங்கவில்லை. போஸுக்கு ஜப்பானியக் குடும்பத்தின் அரண் வேண்டும் என்று டோயாமா கருதி, ஸோமா தம்பதிகளின் மூத்த மகள் தோஷிகோவை மணம் பேசினார். எந்த நேரமும் துப்பாக்கியோ விலங்கோ வரக்கூடிய வாழ்க்கை. பெண் யோசித்தாள், சம்மதித்தாள். 1918-ல் ஓசையின்றி விவாகம் நடந்தது. பிறகு வீடு மாறி வீடு மாறி ஓடிய வாழ்க்கையிலேயே ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரு மக்கள் பிறந்தனர். 1923-ல் போஸ் ஜப்பானியப் பிரஜையானார். இனி நிம்மதி என்றிருந்த சமயம். 1925-ல் தோஷிகோ நோயுற்று இறந்தாள். முப்பது வயதுகூட நிரம்பவில்லை.

இதற்கு இரண்டு ஆண்டுக்குப் பின், 1927-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி, நாகமுராயாவில் சிற்றுண்டிச்சாலை திறந்தார்கள். டோக்கியோவில் கிடைத்த மாவுக் கறியில் போஸுக்குத் திருப்தியே கிடையாது. மாமனார் கடையில் அசல் இந்தியக் கறியை வைக்கச் செய்தார். மாவு தள்ளுபடி. வெங்காயம், தயிர், மசாலை, எலும்போடு வெட்டிய கோழி. கோழியும் கண்டபடி வாங்கவில்லை. ‘ஷாமோ’ என்னும் சண்டைச் சேவல் ஜாதி. மற்றக் கடைகளில் பத்துப் பன்னிரண்டு ஸென்னுக்குக் கறிச்சோறு விற்ற காலத்தில் இங்கே விலை 80 ஸென்! ஆயினும் ஜனங்கள் தேடி வந்தார்கள்.

மதுரைக்கு வடக்கே ஆனையூரில் ஓர் இல்லத்தில் இக்கதையை நாம் சொன்னபோது, அம்மியருகே இருந்த பாட்டியம்மாள் போஸ் தப்பிய சாகசத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. “குழம்பிலே கோதுமை மாவா?” என்று முகஞ்சுளித்தார். சற்றுப் பொறுத்து, “பெண்ணைப் பறிகொடுத்த வீட்டிலே மருமகன் அடுப்பண்டை போய் நின்றாராக்கும்” என்றார். சரித்திராசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதியதில் நமக்கு இவ்வளவு தெளிவாக இது படவில்லை.

1943-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி சிங்கப்பூரில் இந்தியச் சுதந்திரச் சங்கத்தின் தலைமையைச் சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தவரும் இவரே. மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் திரளாகச் சேர்ந்த இந்திய தேசிய ராணுவம் அதனால் புத்துயிர் பெற்றது. 1945 ஜனவரியில் போஸ் டோக்கியோவில் காலமானார். தாய்நாட்டை மீண்டும் காணவேயில்லை. அவர் மகனும் அதே ஆண்டில் ஓகினாவா யுத்தத்தில் மாண்டான்.

ஜப்பானிய வீடுகளில் இன்றும் மாவுக் கறிதான் ஆட்சி செய்கிறது. உருளைக்கிழங்கும் காரட்டும் வெங்காயமும் இறைச்சியும் வேகவைத்து, கடையில் வாங்கிய கறிக் கட்டியைக் கரைத்துவிட்டால் தீர்ந்தது; தொட்டுக்கொள்ள இனிப்பான சிவப்பு ஊறுகாய். வெள்ளிக்கிழமைதோறும் அவர்களுடைய கடற்படைக் கப்பல்களிலும் இதுவே உணவு. போஸின் கறியை உண்ண விரும்புவோர் ஷிஞ்சுக்குவில் அதே நாகமுராயாவுக்குப் போக வேண்டும். மசாலைக் குழம்பு ஒரு கிண்ணத்தில், சோறு தனித் தட்டில். கோழித் துண்டில் எலும்பு இருக்கும்.