பழைய மடிக்கணினி தொடங்க மறுக்கும்போது: திரைச் செய்திகளைப் புரிந்துகொள்ளுதல்

நகரசபையின் சேவை முகப்புக்கு வரும் தமிழ்க் குடியிருப்பாளர்களுள் சிலர், கைப்பேசியில் எடுத்த ஒரு படத்தைக் காட்டி, அதற்குப் பொருள் என்னவென்று வினவுவதுண்டு. படத்தில் கறுப்புத் திரையும் அதில் இரண்டு வரி ஆங்கிலமும் இருக்கும். விண்டோஸைத் தமிழில் அமைத்திருப்போருக்கும் இச்செய்திகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே தோன்றுகின்றன. அவ்வேளையில் விண்டோஸ் இன்னும் விழித்தெழவில்லை என்பதே காரணம்.

படமெடுத்து வருவோர் சரியானதையே செய்கின்றனர். செய்தி மறையுமுன் அதனைப் பதிவுசெய்வதே முதற்பணி. பதற்றத்தில் விசைகளை மாறிமாறி அழுத்துதல் ஆகாது. ‘ஃபேடல்’, ‘ஃபெயிலியர்’ போன்ற சொற்களைக் கண்டும் அஞ்ச வேண்டியதில்லை. முன்னாளில் விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் ‘இல்லீகல் ஆப்பரேஷன்’ என்றொரு செய்தி தோன்றும். தாம் ஏதோ சட்டத்தை மீறிவிட்டதாகக் கலங்கியோரும் உண்டு. சட்டம் பயின்றவன் என்ற முறையில் உறுதியளிக்கிறேன்: அதற்கும் நீதிமன்றத்திற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

மின்விசையை அழுத்தியதும், தாய்ப்பலகையில் பதிந்துள்ள பயாஸ் என்னும் சிறிய மென்பொருள் முதலில் இயங்கும். அது நினைவகம், விசைப்பலகை, மின்விசிறி முதலியவற்றைச் சோதித்த பின்னர், வன்தட்டைத் தேடி விண்டோஸிடம் பொறுப்பை ஒப்படைக்கும். செய்தி எக்கட்டத்தில் தோன்றுகிறது என்பதை அறிந்தால், பழுது எங்கே என்பதையும் பெரிதும் ஊகிக்கலாம். திரை இருண்டிருக்க ‘பீப்’ ஒலி மட்டும் கேட்குமாயின், எத்தனை முறை ஒலிக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பழுதுபார்ப்பவருக்கு அந்த எண்ணிக்கை உதவும்.

‘டைம் ஆஃப் டே நாட் செட்’ அல்லது ‘சீமாஸ் செக்சம் எரர்’ என்பது பழைய கணினிகளில் மிகுதியாகக் காணப்படும் செய்தி. கணினி அணைந்திருக்கும்போதும் நாளையும் நேரத்தையும் காத்துவரும் சிறிய மின்கலம் தீர்ந்துவிட்டது என்பதே இதன் பொருள். பல கணினிகளில் இது சிஆர்2032 என்னும் 3 வோல்ட் வில்லை மின்கலம். எஃப்1 விசையை அழுத்தினால் கணினி பெரும்பாலும் தொடங்கிவிடும். ஆனால் நாள் தவறாக இருக்குமாயின், வங்கி, அரச இணையத்தளங்கள் பாதுகாப்பற்றவை என்று கணினி எச்சரிக்கும். குறை தளத்தில் இல்லை. கணினியின் நாட்காட்டியில் உள்ளது. புதிய மின்கலத்தின் விலை சொற்பமே. எனினும், கழற்றிய மின்கலத்தைக் குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் வைக்கலாகாது. அதனை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் உணவுக்குழாயில் கடுமையான புண் ஏற்படக்கூடும். அத்தகைய ஐயம் எழுந்தால் உடனே நச்சுத் தகவல் நிலையத்தை 13 11 26 என்ற எண்ணில் அழையுங்கள்.

‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று வந்தால், முதலில் யூஎஸ்பி நினைவுக்குச்சியையும் நினைவட்டையையும் அகற்றி மீண்டும் தொடங்குங்கள். வன்தட்டை விடுத்து அக்குச்சியில் விண்டோஸைத் தேடியமையே பல வேளைகளில் காரணமாக இருக்கும். அகற்றிய பின்னரும் செய்தி தொடர்ந்து, உள்ளிருந்து ‘டிக் டிக்’ என்ற ஒலியும் கேட்டால், கணினியை அணைத்துவிடுங்கள். மேலும் மேலும் முயல்வது எஞ்சியுள்ள தரவையும் அழித்துவிடக்கூடும்.

‘ஸ்மார்ட்’ என்ற சொல்லுடன் ‘பேக்கப் அண்ட் ரீப்ளேஸ்’ என்று வரும் செய்தியே யாவற்றிலும் முக்கியமானது. வன்தட்டு தன் முடிவை முன்னறிவிக்கிறது. என் சொந்த மடிக்கணினியில் இச்செய்தி தோன்றியபோது, எஃப்1 விசையை அழுத்திக் கடந்து செல்வதையே ஏறத்தாழ மூன்று மாதங்கள் வழக்கமாகக் கொண்டிருந்தேன். ஒருநாள் அது தொடங்கவேயில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாகத் தொகுத்த சொற்பட்டியலில் பாதியை மின்னஞ்சல்களிலிருந்து மீட்டேன், மறுபாதியை இழந்தேன். எனவே இச்செய்தியைக் கண்ட அன்றே, குடும்பப் படங்களையும் பிறப்பு, குடியுரிமைச் சான்றுகளின் பிரதிகளையும் வெளி வன்தட்டொன்றில் படியெடுங்கள். பழுதுபார்ப்பதைப் பற்றிப் பின்னர் எண்ணலாம்.

மின்விசிறிப் பிழை பெரும்பாலும் தூசியின் விளைவு. துப்புரவு செய்வித்தால் போதும். செய்தியைப் புறக்கணித்துத் தொடர்ந்து இயக்கினால் கணினி சூடேறிப் பழுதடையும்.

நீலத் திரையில் ‘பிட்லாக்கர்’ என்று தோன்றி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டால், உங்கள் தரவு மறையாக்கம் செய்யப்பட்டுள்ளது என்று பொருள். தாம் அதனைச் செய்யவில்லை என்று பலர் வாதிடுவர். மைக்ரோசாஃப்ட் கணக்குடன் உள்நுழைந்தபோது அது தானாகவே நிகழ்ந்திருக்கலாம். அவ்வாறாயின் எண் அக்கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். வேறொரு கணினியில் உள்நுழைந்து பெறலாம். எங்கும் சேமிக்கப்படாதிருந்தால், மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் அதனை உருவாக்கித் தர இயலாது. பணம் பெற்று எண் தருவதாகக் கூறுவோரை நம்பாதீர்கள்.

விண்டோஸ் தொடங்கிய பின், உலாவியில் உரத்த ஒலியுடன் தொலைபேசி எண்ணொன்று தோன்றி உடனே அழைக்குமாறு பணித்தால், அது மோசடி. மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் இராது. அழைக்காமல், மின்விசையை நீண்டநேரம் அழுத்தி அணையுங்கள். ஏற்கெனவே பணம் செலுத்தியோ, கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதித்தோ இருந்தால், முதலில் உங்கள் வங்கியை அழையுங்கள். பின்னர் ஸ்கேம்வாட்ச் தளத்தில் முறையிடுங்கள். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. வங்கியுடன் தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டுமாயின், 131 450 என்ற எண்ணில் தேசிய மொழிபெயர்ப்பு, உரைபெயர்ப்புச் சேவையை நாடலாம்.

கடைக்குக் கொண்டுசெல்வோர் ஓர் உரிமையை அறிந்திருத்தல் நலம். படங்கள், கோப்புகள் போன்ற பயனரின் தரவுகளைச் சேமிக்கும் பொருளைப் பழுதுபார்க்க ஏற்பவர், அத்தரவுகள் அழிய நேரிடலாம் என்பதை முன்னதாகவே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் விதிக்கிறது. அவ்வறிவித்தலை வாசிக்காது கையொப்பமிடாதீர்கள். செலவு மதிப்பீட்டையும் எழுத்திலேயே கேளுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது; ஆதலால் விண்டோஸ் 11ஐ ஏற்காத கணினிக்குப் பெருஞ்செலவு செய்யுமுன் ஒருமுறைக்கு இருமுறை சிந்தியுங்கள்.

கைவிட முடிவுசெய்தால் அதனை வீட்டுக் குப்பைத்தொட்டியில் இடலாகாது. விக்டோரியா மாநிலத்தில் 2019 ஜூலை 1 முதல் மின்கழிவை நிலநிரப்பிடங்களுக்கு அனுப்பத் தடையுள்ளது. தரவுகளை அழித்தோ வன்தட்டைக் கழற்றியோ, கணினியை மின்கழிவு ஏற்கும் நிலையத்தில் ஒப்படையுங்கள்.