ஃபாரடே மறக்காத மனிதர்கள்

சர் ஹம்ப்ரி டேவியின் கண்டுபிடிப்புகளுள் தலைசிறந்தது எது? பொட்டாசியமா, சோடியமா, சுரங்கத் தொழிலாளருக்கான பாதுகாப்பு விளக்கா? இவை எவையும் அல்ல, மைக்கேல் ஃபாரடேயே அவருடைய மிகப் பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்வதுண்டு. கேட்பதற்கு நயமான பேச்சுத்தான். ஆனால் ஃபாரடே இதை முழுமையாக ஒப்புக்கொண்டிருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது. தம்மை ஆளாக்கியவர்கள் யார், ஒவ்வொருவரும் தந்தது என்ன என்பதற்கு அவரே ஒரு கணக்கு வைத்திருந்தார். சோதனைக் குறிப்பேட்டில் அளவுகளை எழுதி வைப்பது போன்ற துல்லியமான கணக்கு அது. அது டேவியிடமிருந்து தொடங்கவில்லை.

ஃபாரடே 1791-ஆம் ஆண்டு பிறந்தவர். கொல்லர் ஒருவரின் மகன். எழுதப் படிக்கவும் சிறிது கணக்குப் போடவும் கற்றதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. 1804-இல் லண்டனில் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். மறு ஆண்டு முதல் ஏழாண்டுக் காலம் அங்கேயே பைண்டிங் தொழில் பயின்றார். பைண்டு செய்ய வந்த புத்தகத்தைப் பையன் படித்துக்கொண்டிருந்தால் எந்த முதலாளி பொறுப்பார்? ரீபோ பொறுத்தார், ஊக்கமும் கொடுத்தார்.

அப்படிக் கைக்கு வந்த நூல்களுள் ஒன்று, வேதியியலை உரையாடல் வடிவில் விளக்குவது. 1806-இல் முதலில் வெளிவந்தபோது அதில் ஆசிரியர் பெயரே இல்லை. ஓர் ஆசிரியை, இரண்டு மாணவிகள். மாணவிகள் கேட்பதும், அவர் விடை சொல்வதும், இடையிடையே சோதனை செய்து காட்டுவதுமே நூல். எழுதியவர் ஜேன் மார்செட் என்னும் அம்மையார். டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, விளங்காதவற்றை நட்புக்குரிய ஒருவருடன் பேசிப் பேசித் தெளிந்தவர் அவர். கற்பதற்கு அதுவே நல்ல வழி எனக் கண்டு அம்முறையிலேயே எழுதினார். பொதுமக்களுக்காகப் பிறந்த நூல் அது. நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் இதழின் இனத்தைச் சேர்ந்தது எனலாம்.

ஃபாரடே அதை அப்படியே நம்பிவிடவில்லை. சோதித்துச் சோதித்துப் படித்தார். வாரத்துக்குச் சில பென்னிகள் செலவழிக்கத்தான் அவரால் முடியும். அந்தக் காசுக்குள் அடங்கும் சோதனைகளை எல்லாம் செய்து பார்த்தார். கலைக்களஞ்சியம் ஒன்றில் மின்சாரம் பற்றிய கட்டுரையைப் படித்ததும் மின்பொறி ஒன்றையும் அமைத்தார். முதலில் அதற்குக் கிடைத்தது வெறும் கண்ணாடிக் குப்பி! சுழலும் கண்ணாடி ஒரு திண்டின்மேல் உராய்ந்தால் கண்ணாடியில் மின்னூட்டம் சேரும், தத்துவம் அவ்வளவே. நூலில் கண்டது தம் கையால் செய்தபோதும் அவ்வாறே நடந்தது. கற்பனையில் மிதக்கும் இயல்புடைய தமக்கு நங்கூரம் போன்ற ஒரு பிடி கிடைத்தது அப்போதுதான் என்று அவரே எழுதியிருக்கிறார்.

எப்போது எழுதினார் தெரியுமா? 1858-இல், தம் 67-ஆம் வயதில். அவ்வாண்டில்தான் மார்செட் அம்மையார் மறைந்தார். டி லா ரீவ் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஃபாரடே இதை விவரித்தார். அம்மையாரை நேரில் அறிய நேர்ந்தது தமக்கு எத்துணை மகிழ்ச்சி தந்தது என்பதையும், தம் ஆய்வுக் கட்டுரைகளை அவருக்கு நன்றிக் காணிக்கையாக அனுப்பி வந்ததையும் அதில் குறிப்பிட்டார். மின்காந்தத் தூண்டலைக் கண்ட மேதை, சிறு வயதில் படித்த தொடக்கநிலை நூல் ஒன்றுக்குக் கட்டுரைகளால் கடன் தீர்த்துக்கொண்டிருந்தார்!

அடுத்து, ஜான் டேட்டம் என்பவர் நடத்திய அறிவியல் சொற்பொழிவுகள். 1810 முதல் ஃபாரடே அங்கே சென்றார். கட்டணம் தலைக்கு ஒரு ஷில்லிங்; கொடுத்தவர் அண்ணன் ராபர்ட். அவரும் கொல்லரே. கேட்டவற்றைக் குறிப்பெடுத்து, தாமே பைண்டு செய்து, முதலாளி ரீபோவுக்குக் காணிக்கையாக்கினார் ஃபாரடே. ரீபோ அவற்றைக் கடைக்கு வருவோரிடம் பெருமையாகக் காட்டினார். அதன் பயனாக டான்ஸ் என்ற வாடிக்கையாளர் வழியே, 1812-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவி ஆற்றிய சொற்பொழிவுகள் நான்கினுக்கு அனுமதிச் சீட்டுக் கிடைத்தது. இத்தனை பேரின் கைமாறித்தான் டேவியின் அரங்கு வரை ஃபாரடே வந்தார்.

டேவியின் சொற்பொழிவுக் குறிப்புகளையும் பைண்டு செய்து, 1812 டிசம்பரில் வேலை கேட்டு அவருக்கே அனுப்பினார். டேவி கனிவாகப் பதில் எழுதினார். நேரில் கண்டபோது, பைண்டிங் தொழிலையே விடாமலிருக்கும்படி அறிவுரை சொன்னார். விஞ்ஞானிகள் உயர்ந்த உள்ளம் படைத்தவர்கள் என்று இளைஞர் நம்பியதைக் கேட்டுப் புன்னகைத்தாராம். சில ஆண்டு அனுபவம் அதைத் திருத்திவிடும் என்றாராம். ஆயினும் 1813 மார்ச்சில் ஆய்வுக்கூட உதவியாளர் வேலையை அளித்தவர் அவரே.

டேவி சொன்ன அனுபவம் டேவியிடமிருந்தே வந்தது. 1823-இல் ஃபாரடே குளோரின் ஹைட்ரேட் என்னும் திண்மப் பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதை மூடிய கண்ணாடிக் குழாயில் இட்டுச் சூடாக்கச் சொன்னார் டேவி. வெளியேற வழியில்லாத குளோரின் வாயு, தன் அழுத்தத்தாலேயே நெருக்குண்டு திரவமாயிற்று. யோசனை தம்முடையது என்று டேவி அக்கட்டுரையுடன் ஒரு குறிப்பைச் சேர்த்தார். அதே காலத்தில் ஃபாரடேயின் பெயர் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவிக்கு முன்மொழியப்பட்டது. தலைவராக இருந்த டேவி அதை எதிர்த்தார். 1824 ஜனவரியில் ஃபாரடே தேர்ந்தெடுக்கப்பட்டபோது எதிராக விழுந்தது ஒரே ஒரு வாக்கு. இரகசிய வாக்கெடுப்பு; போட்டவர் யாரென்று சொல்ல வழியில்லை.

இங்கேதான் ஃபாரடேயின் கணக்கு நமக்குப் பாடமாகிறது. 1829-இல் டேவி மறைந்தார். அவர் வரலாற்றை எழுதிய பாரிஸ் என்னும் மருத்துவர், ஃபாரடேயிடம் செய்தி கேட்டார். டேவி முதன்முதலில் தமக்கு எழுதிய அந்தக் கடிதத்தின் மூலத்தையே ஃபாரடே அனுப்பினார். மிகப் பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். பதினேழு ஆண்டுகளாகப் போற்றி வைத்திருந்த தாள் அது. அதே ஃபாரடே, குளோரின் பற்றி 1836-இல் விளக்கம் எழுத நேர்ந்தபோது சிறிதும் குழையவில்லை. மூடிய குழாயில் சூடாக்கச் சொன்னது டேவிதான். என்ன நிகழும் என எதிர்பார்த்தார் என்பதைத் தம்மிடம் அவர் சொல்லவில்லை என்று எழுதினார். நன்றி ஒரு பத்தியில், நடந்தது மற்றொரு பத்தியில். ஒன்றுக்காக மற்றொன்றை அவர் அழிக்கவில்லை.

தமக்குக் கீழே பணியாற்றியவரும் இக்கணக்கில் உண்டு. பீரங்கிப் படையில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற சார்ஜண்ட் ஆண்டர்சன், கண்ணாடி உருக்கும் சோதனைகளில் உதவ வந்தவர். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல ஃபாரடே ஓர் இரவு மறந்துவிட, விடியும்வரை உலையை அணையாமல் காத்தாராம். அச்சோதனைகளில் உருவான கனமான ஈயக் கண்ணாடி வழியேதான், 1845-இல் தளவிளைவுற்ற ஒளியின் தளத்தைக் காந்தம் திருப்புவதை ஃபாரடே கண்டார். ஒளிக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டென்று காட்டிய முதல் சோதனை அது. அந்தக் கட்டுரையின் அடிக்குறிப்பில் ஆண்டர்சனின் பெயரையும், அவருடைய பொறுமை, துல்லியம், நம்பகம் ஆகியவற்றுக்குத் தாம் பட்ட கடனையும் அச்சிட்டார். அந்நாளில் இது அரிது. (இந்நாளில் மட்டும் என்ன!)

டேவி மறைந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, பிரெஞ்சு வேதியியலார் டூமா, ஃபாரடேயின் வீட்டில் உணவருந்தினார். பேச்சினிடையே ஃபாரடே டேவியைப் புகழ்ந்தார். டூமா அதற்குச் சற்றே ஆர்வமின்றிப் பதில் சொன்னார். ஃபாரடே அதைக் கவனித்தாலும் எதுவும் சொல்லவில்லை. உணவு முடிந்ததும் ஃபாரடே அவரை ராயல் இன்ஸ்டிடியூஷன் நூலகத்துக்கு அழைத்துச் சென்று, டேவியின் படத்தின் முன் நின்றார். பெரிய மனிதர் அல்லவா என்று கேட்டார். தம்மிடம் அவர் முதன்முதலாகப் பேசியது இந்த இடத்தில்தான் என்றார். பிறகு இருவரும் ஆய்வுக்கூடத்துக்கு இறங்கினர். ஃபாரடே பழைய குறிப்பேடு ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்து, விரலால் சுட்டினார். 1807-இல் மின்கல அடுக்கைக் கொண்டு பொட்டாஷைப் பிரித்த நாளில் டேவி எழுதிய பக்கம் அது. அருமையான சோதனை என்னும் பொருள்பட இரண்டு சொற்கள். அவற்றைச் சுற்றி, பரபரப்பில் கிறுக்கிய ஒரு வட்டம்.