உள்ளங்கை உரைக்கும் செய்தி



ஊட்டியிலிருந்து கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கினால் மசினகுடி வரும். முதுமலைக் காட்டை ஒட்டிய அச்சிற்றூரே நான் வளர்ந்த இடம். பொழுது சாய்ந்தபின் அங்கே நடப்பவர்கள் காட்டின் ஒலிகளைக் கவனித்தே நடப்பார்கள். கடமான் ஒன்று திடீரெனக் குரல் கொடுத்தால், அருகே ஏதோ வந்திருக்கிறது என்று அறிவோம். ஆனால், வந்தது புலியா, சிறுத்தையா, செந்நாய்க் கூட்டமா என்பதை அக்குரலை மட்டும் கொண்டு துணிந்து கூற இயலாது. அதற்குக் காலடித் தடத்தைத் தேடிச் செல்ல வேண்டும்.

நம் உடலிலும் இத்தகைய கடமான் ஒன்று உண்டு. அதுதான் உள்ளங்கை வியர்வை.

வெயிலில் உடல் வியர்ப்பது உடற்சூட்டைத் தணிப்பதற்காக. தேர்வு மண்டபத்தில் வினாத்தாள் கைக்கு வருமுன்பே உள்ளங்கை ஈரமாகிறதே, அது எதற்காக? அச்சம், வியப்பு, ஆவல் போன்ற கிளர்ச்சி எழும்போது பரிவு நரம்புகள் வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. உள்ளங்கையில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் சில நூறு சுரப்பிகள் உள்ளன. வியர்வை உப்புநீர், ஆதலால் அது மின்சாரத்தைக் கடத்தும். இரண்டு விரல்களில் மின்வாய்களைப் பொருத்தி, அரை வோல்ட் அளவிலான மெல்லிய மின்னழுத்தத்தைச் செலுத்தினால், தோலின் மின்கடத்துதிறன் ஏறி இறங்குவதை அளந்துவிடலாம். இதன் அலகு மைக்ரோசீமென்ஸ் எனப்படும்.

மனக்கிளர்ச்சிக்கும் தோலின் மின்தன்மைக்கும் உள்ள தொடர்பை 1888-இல் பிரான்சு நாட்டு மருத்துவர் ஃபெரேயும், 1890-இல் ரஷ்யாவில் தார்கானாஃபும் எடுத்துக்காட்டினார்கள். நம் நாட்டு யோகிகளும் இச்சோதனைக்கு உட்பட்டிருக்கிறார்கள். 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த வெங்கர், பாக்சி என்னும் இரு அறிஞர்கள், அவர்களுடைய மூச்சு, இதயத் துடிப்பு ஆகியவற்றோடு உள்ளங்கையின் மின்கடத்துதிறனையும் பதிவு செய்தார்கள்.

அக்காலத்தில் பேனா முனை தாளில் வரைந்த கோட்டை, ஆய்வாளர் அளவுகோல் கொண்டு அங்குலம் அங்குலமாக அளந்தார். இன்று அவ்வேலையைக் கணிப்பொறி செய்கிறது. எவ்வாறு செய்கிறது என்று பார்ப்போம்.

அக்கோட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, மெல்ல மாறும் அடிநிலை. மற்றொன்று, அதன்மேல் சட்டென எழும் சிற்றலை. ஒரு படத்தையோ ஒலியையோ அளித்தால், ஏறத்தாழ ஒன்று முதல் மூன்று வினாடிக்குள் அலை எழத் தொடங்கும். விரைவாக ஏறி, மெதுவாக இறங்கும். இந்தக் கால எல்லைக்குள் எழுந்ததா, அதன் உயரம் 0.05 மைக்ரோசீமென்ஸ் போன்றதொரு குறைந்த அளவையேனும் எட்டியதா என்று கணிப்பொறி பார்க்கிறது. இரண்டும் பொருந்தினால் அதை ஒரு மறுவினையாகக் கணக்கிடுகிறது.

முதல் அலை அடங்குமுன் அடுத்த அலை எழுந்துவிட்டால் என்ன செய்வது? கோயில் மணியை எண்ணிப் பாருங்கள். முதல் ஓசையின் கார்வை ஓயுமுன் மறுபடி அடித்தால் இரண்டும் கலந்துவிடும். எனினும் ஓர் அடியின் கார்வை எவ்வாறு தேய்கிறது என்பதை அறிந்தவர், எத்தனை அடி, எப்போது அடித்தது என்று பிரித்துக் கூறலாம். இக்கருத்தைக் கணிதமாக்கிய முறைகளுள் ஒன்றை 2010-இல் பெனடெக், கேர்ன்பாக் ஆகியோர் வெளியிட்டார்கள். பல மணி நேரப் பதிவுகளும் சில நிமிடங்களில் ஆராயப்படுகின்றன. எல்லோருடைய பதிவுக்கும் ஒரே விதி. ஆய்வாளரின் விருப்பு வெறுப்புக்கு இடம் குறைவு. இது பெரிய நன்மையே.

ஆனால், என் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். மாணவப் பருவத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சோதனைக்கு அமர்ந்தேன். பாம்பு, குழந்தை, விபத்து, நாற்காலி எனப் படங்கள் வந்துபோயின. அன்று எனக்குச் சளி. முடிவில் கணிப்பொறி தந்த அட்டவணையில், என் உள்ளம் மிகுதியாகக் கிளர்ந்தது நாற்காலியைக் கண்டபோதுதான் என்றிருந்தது! நல்லவேளையாக, அந்நேரத்திற்கு எதிரே “இருமினார்” என்று உதவியாளர் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். இருமலும் ஆழ்ந்த மூச்சும் அதே போன்ற அலையை எழுப்பும். விரலை அசைத்தாலும் கோடு குலையும். குளிர்ந்த அறையில் அலை சிறுத்துவிடும். சிலருக்கோ அது எழுவதே அரிது. அக்குறிப்பு இல்லாவிடில், நாற்காலிக்கு அஞ்சிய மனிதனாக நான் ஆராய்ச்சியில் இடம்பெற்றிருப்பேன்.

ஆய்வுக்கூடத்தில் இது நகைப்புக்கு உரியது. விசாரணை அறையில் அவ்வாறன்று. பொய் கண்டறியும் கருவி மூச்சு, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு இதே வியர்வையையும் அளக்கிறது. குற்றவாளியின் கையும் வியர்க்கும். குற்றம் சாட்டப்பட்டு நடுங்கும் நிரபராதியின் கையும் வியர்க்கும். 2010-இல், செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்னும் வழக்கில், ஒருவரை அவருடைய இசைவின்றி இத்தகைய சோதனைக்கு உட்படுத்தலாகாது என்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நண்பர்களே, கருவி கிளர்ச்சியை அளக்கும், காரணத்தை அளக்காது. உங்களில் சிலர் நாளை உளவியல் ஆய்வில் இறங்குவீர்கள். கணிப்பொறிக்கு அருகில் ஒரு குறிப்பேட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். எதிரே அமர்ந்திருப்பவரை ஏறிட்டுப் பாருங்கள், அவரிடம் கேளுங்கள். கடமான் குரல் கொடுத்துவிட்டது. தடத்தைத் தேடிச் செல்ல வேண்டியவர்கள் நாமே.