"ரெண்டு! ரெண்டு! ரெண்டு!": ஒரு சீட்டு விளையாட்டு எனக்குச் சொல்லிக் கொடுத்த ஆப்ஷன்ஸ் பாடம்



போன மாசம் எங்க டீம் ஏலகிரிக்கு டிரிப் போயிருந்தது. பஸ்ல என் பக்கத்துல டீம்ல புதுசா சேர்ந்த தம்பி. வயசு 24. ஜாயினிங் போனஸ் 80,000 ரூபாய் அக்கவுண்ட்ல வந்திருக்கு. "அண்ணா, ஆப்ஷன்ஸ்ல இறங்கலாம்னு இருக்கேன். எப்படி ஆரம்பிக்கிறது?"னு கேட்டான்.

எனக்குப் பதில் தெரியும். ஆனா அதைச் சொல்லணும்னா நான் மறைச்சு வச்சிருந்த ஒரு விஷயத்தையும் சொல்லணும். அதனால "அப்புறம் பேசலாம்டா"ன்னு நழுவிட்டேன்.

சாயங்காலம் நல்ல மழை. வெளியே போக முடியல. ஆன்சைட் போய்ட்டு வந்த ஒருத்தர் பெட்டியிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்தார். விளையாட்டோட பேர் 'பிட்'. அடுத்த ரெண்டு மணி நேரம் ரூமே மீன் மார்க்கெட் மாதிரி ஆயிடுச்சு!

இது என்ன விளையாட்டு?

1904-ல அமெரிக்காவின் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி வெளியிட்ட விளையாட்டு இது. அந்தக் காலத்துல சிகாகோ போர்டு ஆஃப் டிரேடுல கோதுமை, சோளம் வாங்கி வித்தவங்க படிக்கட்டு வச்ச ஒரு பள்ளத்துல நின்னு, கையை ஆட்டி, கத்திக் கத்தி வியாபாரம் பண்ணுவாங்க. அந்தப் பள்ளத்துக்குப் பேர்தான் 'பிட்'. நம்ம மும்பை பங்குச் சந்தையிலயும் 1995-ல கம்ப்யூட்டர் வர்ற வரைக்கும் இதே மாதிரி கூச்சல்தான்.

எப்படி விளையாடுறது?

ஒரிஜினல் கட்டு தேவையில்ல. வீட்ல இருக்கிற சாதா சீட்டுக்கட்டே போதும்.

1. நாலு பேர்னா, நாலு ஜாதியிலயும் ஏஸ்ல இருந்து 9 வரைக்கும் எடுங்க. மொத்தம் 36 சீட்டு. சீட்டுல இருக்கிற நம்பருக்கு மதிப்பு இல்ல, ஜாதிதான் முக்கியம். இஸ்பேட் கோதுமை (100 பாயிண்ட்), ஆட்டின் பார்லி (85), டைமண்ட் சோளம் (75), கிளாவர் ஓட்ஸ் (60).

2. கலைச்சு ஆளுக்கு 9 சீட்டு போடுங்க. ஒரே ஜாதியில ஒன்பதையும் முதல்ல சேர்க்கிறவர்தான் ஜெயிச்சார்.

3. இதுல 'உன் முறை, என் முறை' கிடையாது. எல்லாரும் ஒரே நேரத்துல கத்தணும். உங்களுக்கு வேண்டாத சீட்டு ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும், ஒரே ஜாதியா எடுத்து, கவுத்துப் பிடிச்சு "ரெண்டு! ரெண்டு!"ன்னு எண்ணிக்கையை மட்டும் கத்துங்க. ஜாதியைச் சொல்லக் கூடாது. அதே எண்ணிக்கை வச்சிருக்கிறவரோட மாத்திக்கலாம்.

4. ஒன்பதும் சேர்ந்ததும் நடுவுல இருக்கிற மணியை அடிக்கணும். நாங்க எவர்சில்வர் டம்ளரைத் தட்டினோம். அந்த ஜாதிக்குரிய பாயிண்ட் உங்களுக்கு. முதல்ல 500 எடுக்கிறவர் வெற்றி.

5. ரெண்டு ரவுண்டு பழகினதும் ரெண்டு ஜோக்கரைச் சேருங்க. ஒண்ணு காளை, ஒண்ணு கரடி. ரெண்டு பேருக்கு மட்டும் பத்து சீட்டு வரும். காளை எந்த ஜாதிக்கும் பொருந்தும், ஆனா அதை வச்சுக்கிட்டுத் தோத்தா 20 பாயிண்ட் போயிடும். கரடி கையில இருக்கிற வரைக்கும் ஜெயிக்கவே முடியாது. இன்னொருத்தர் மணி அடிக்கும்போது அது உங்ககிட்ட இருந்தா 20 பாயிண்ட் காலி. இந்த ரெண்டையும் தனியாவோ, வேற சீட்டோட சேர்த்தோ தள்ளி விடலாம்.

அஞ்சு பேர் இருந்தா ஜாக்கி, ராணி, ராஜா சீட்டுல ஏதாவது ஒன்பதை அஞ்சாவது சரக்கா வச்சுக்கலாம். பாயிண்ட்டுக்கு மட்டும் விளையாடுங்க, காசு வேண்டாம்.

மேஜையில நடந்தது

முதல் மூணு ரவுண்டும் நான் கோதுமையையே துரத்தினேன். 100 பாயிண்ட் ஆச்சே! பிரச்னை என்னன்னா, இன்னும் ரெண்டு பேர் அதையேதான் துரத்தினாங்க. ஆளுக்கு மூணு கோதுமையைப் பிடிச்சுக்கிட்டு யாரும் விடல. மூலையில சத்தமே இல்லாம ஓட்ஸ் சேர்த்த எங்க டெஸ்டிங் அக்கா டக்குனு டம்ளரைத் தட்டிட்டாங்க. மூணு ரவுண்டுல ரெண்டு தடவை! பாயிண்ட் அதிகம்ங்கிறதால கோதுமையைச் சேர்க்கிறது ஒண்ணும் சுலபமாயிடல. கூட்டம்தான் அங்க அதிகம்.

நாலாவது ரவுண்டுல கரடி வந்தது. தம்பி "ஒண்ணு! ஒண்ணு!"ன்னு உயிரைக் கொடுத்துக் கத்தறான். யாரும் வாங்கல, ஏன்னா எல்லாருக்கும் சந்தேகம். கடைசியில நான் அவசரத்துல கை நீட்டினேன். வந்தது கரடி. அவன் சிரிச்ச சிரிப்பு இருக்கே! அடுத்த நிமிஷமே நானும் அதை அவன்கிட்டயே தள்ளிட்டேன், ரெண்டு சீட்டுக்கு நடுவுல ஒளிச்சு. மணி அடிக்கும்போது கரடி அவன் கையில.

"அண்ணா, தெரிஞ்சே என் தலையில கட்டிட்டீங்களா?"

"ஆமாடா. நான் எது உனக்குத் தந்தாலும், அது எனக்கு வேண்டாததுதானே?"

சொல்லும்போதே எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. பஸ்ல கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்னு தோணுச்சு.

இதுக்கும் உங்க சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம்?

பிட் மேஜையில 36 சீட்டு 36-ஆத்தான் இருக்கும். எவ்வளவு கத்தினாலும் ஒரு சீட்டு கூடாது. ஆப்ஷன்ஸும் அப்படித்தான். உங்க லாபம் இன்னொருத்தர் நஷ்டம், உங்க நஷ்டம் இன்னொருத்தர் லாபம். பங்கை வாங்கிப் பல வருஷம் வச்சிருக்கிறது வேற கதை. அங்க கம்பெனி வியாபாரம் பண்ணிச் சம்பாதிக்குது. அது வளர்ந்தா பங்கு வச்சிருக்கிற எல்லாருக்கும் பங்கு உண்டு. சரிஞ்சா நஷ்டமும் உண்டு, அதையும் மறக்காதீங்க.

இப்போ ஒரு மாற்றம் பண்ணுங்க. ஒவ்வொரு தடவை சீட்டு மாத்தும்போதும் ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு தீக்குச்சியை நடுவுல ஒரு டப்பாவுல போடணும். ஒரு மணி நேரம் கழிச்சுப் பாத்தா, மேஜையில அதிகம் சேர்த்தது அந்த டப்பாதான்! புரோக்கரேஜ், எஸ்.டி.டி., ஜி.எஸ்.டி., எக்ஸ்சேஞ்ச் கட்டணம் எல்லாம் அந்த டப்பா.

செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்ட ஆய்வைப் பாருங்க:

• 2021-22 முதல் 2023-24 வரை மூணு வருஷத்துல எஃப் அண்ட் ஓ பண்ண தனிநபர்கள்ல 93% பேருக்கு நஷ்டம்.
• மூணு வருஷ மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல. நஷ்டப்பட்டவங்களுக்கு சராசரியா ஆளுக்கு சுமார் 2 லட்சம்.
• 2023-24-ல மட்டும் கட்டணமாவே ஆளுக்கு சராசரியா சுமார் 26,000 ரூபாய்.
• 30 வயசுக்குக் கீழ இருக்கிற டிரேடர்களோட பங்கு ஒரே வருஷத்துல 31%-ல இருந்து 43% ஆயிடுச்சு.

அப்போ எதிர்ல உக்காந்து ஜெயிக்கிறது யாரு? அதே ஆய்வு சொல்லுது: பெரும்பாலும் சொந்தப் பணத்துல டிரேட் பண்ற நிறுவனங்களும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும். அவங்க லாபத்துல 95%-க்கு மேல அல்கோ மூலமா வந்தது. நீங்க வாய் திறந்து "ரெண்டு"ன்னு சொல்றதுக்குள்ள அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் பல தடவை சீட்டு மாத்தி முடிச்சிருக்கும்.

நான் மறைச்ச விஷயம்

அன்னைக்கு ராத்திரி தம்பியைத் தனியா கூப்பிட்டு என் போன்ல பழைய ஸ்டேட்மெண்ட்டைக் காட்டினேன். முதல் மாசம் 17,000 லாபம். அந்த லாபம்தான் என்னை மாட்டி விட்டது. அஞ்சாவது மாச முடிவுல மொத்த நஷ்டம் 1,38,400. அதுல 21,000-க்கு மேல கட்டணம். வீட்ல இன்னும் சொல்லல. "லேப்டாப் வாங்கினேன்"னு சொல்லி வச்சிருக்கேன்.

கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம், "இதை ஏன்ணா நீங்க வீடியோல சொன்னதே இல்ல?"ன்னு கேட்டான். என்கிட்ட பதில் இல்ல. அதனாலதான் இந்தப் பதிவு. நேத்து வீட்லயும் சொல்லிட்டேன். திட்டு விழுந்தது, ஆனா மனசு லேசாச்சு.

நீங்க என்ன பண்ணலாம்?

• முதல்ல ஆறு மாசச் செலவுக்கு அவசரகால நிதி, ஹெல்த் இன்ஷூரன்ஸ். அதுக்கு அப்புறம்தான் முதலீடு.
• ஒரு டிப்ஸ் வந்தா, "இது இவருக்கு ஏன் வேண்டாம்?"னு ஒரு தடவை கேளுங்க.
• ஏற்கெனவே எஃப் அண்ட் ஓ பண்றீங்களா? இன்னைக்கே வரி அறிக்கைக்கான பி அண்ட் எல் ஸ்டேட்மெண்ட்டை டவுன்லோடு பண்ணி, கட்டணம் கழிச்ச கடைசி வரியை மட்டும் பாருங்க.
• நஷ்டத்தை மீட்கணும்னு மறுபடி இறங்காதீங்க. கோதுமை கிடைக்கலைன்னா கையை மாத்தணும், குரலை உயர்த்தக் கூடாது.

தம்பி 60,000-ஐ எஃப்.டி.யில போட்டுட்டான். மீதி 20,000? "யோசிக்கிறேன்ணா"ங்கிறான். அவன் பணம், அவன் முடிவு. ஆனா இப்போ மேஜையில யார் உக்காந்திருக்காங்கன்னு அவனுக்குத் தெரியும்.

பின்குறிப்பு: நான் செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் இல்ல. இது என் அனுபவம் மட்டும். விளையாட்டை எப்படி ஆடுறதுன்னு இந்த வார வீடியோவுல டம்ளரோட காட்டியிருக்கேன். ஃப்ரெண்ட்ஸோட ஆடிப் பாத்துட்டு, யார் கையில கரடி மாட்டுச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க!