கோடை விடுமுறை யாருக்கு? ஊதியமுள்ள ஆய்வுப் பயிற்சியும் தலித் மாணவர்களும்

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் திருவண்ணாமலையின் மலைச்சரிவு உடைந்து வ.உ.சி. நகர் வீட்டின் மீது விழுந்தது. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் மண்ணில் புதைந்து இறந்தனர். சரிவை ஆராயச் சென்னை ஐஐடியிலிருந்து வல்லுநர்கள் வந்தனர். அவர்கள் வந்தது தேவையே. ஆனால் அந்த மலையடிவாரத்திலிருந்தே அரசுக் கலைக் கல்லூரிக்குச் சென்று வேதியியலோ தாவரவியலோ படிக்கும் தலித் மாணவி ஒருவர், அத்தகைய வல்லுநராக ஆவதற்கு வழி எது?

அவ்வழியின் முதல் படி, பெரும்பாலும் இளநிலைப் படிப்பின் இடையில் கிடைக்கும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிதான். ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஓர் அறிவியலாளரின் கீழ் மாதிரிகளைச் சேகரித்து, அளந்து, அறிக்கை எழுத வேண்டும். பிற்காலத்தில் முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் விண்ணப்பிக்கையில் அவருடைய பரிந்துரைக் கடிதமே பேசும். இந்திய அறிவியல் அகாடமி, இந்திய தேசிய அறிவியல் அகாடமி, தேசிய அறிவியல் அகாடமி ஆகிய மூன்றும் இணைந்து ஆண்டுதோறும் இத்தகைய பயிற்சியை நடத்துகின்றன. அதில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பிரிவாக இல்லை. புவி அறிவியல், உயிரியல், வேதியியல் ஆகியவற்றுள் ஒன்றின் வழியாகவே நுழைய வேண்டும். இது தெரியாமல், நமக்கு இடமில்லை என்று விலகியவர்கள் உண்டு.

அகாடமிகளின் உதவித்தொகை அண்மை ஆண்டுகளில் மாதம் ரூ.12,500 என்ற அளவில் உள்ளது. 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு ரூ.336. ஆக, அம்மாதத் தொகை 37 நாள் கூலிக்கு ஈடு. நம் வீடுகளில் கோடை என்பது ஓய்வுக் காலமன்று. அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்காகப் பெங்களூரின் கட்டடப் பணிக்கோ துணிக்கடைக்கோ செல்லும் காலம். எனவே ஊதியமற்ற பயிற்சி என்பது, சாதியின் பெயரைச் சொல்லாமலே ஆளைப் பிரிக்கும் சல்லடை. ‘அனுபவமே ஊதியம்’ என்பவர்களின் வாடகையை அவர்களின் தந்தை கட்டியிருப்பார்.

ஊதியம் இருந்தாலும் தடைகள் தீர்வதில்லை. கோடைக்கான விண்ணப்பம் பருவத் தேர்வுகளின் நெருக்கடிக்கிடையே, முந்தைய ஆண்டின் இறுதி மாதங்களிலேயே முடிந்துவிடும். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். வகுப்பில் யாரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. உதவித்தொகையும் பெரும்பாலும் முன்பணமாக வருவதில்லை. முதல் மாத வாடகைக்கும் உணவுக்கும் வட்டிக்கு வாங்க நேர்ந்தால் பாதித் தொகை அதிலேயே கரைந்துவிடும்.

யார் ஆய்வு செய்கிறார்கள் என்பது, எது ஆய்வாகிறது என்பதையும் தீர்மானிக்கிறது. 2022 டிசம்பரில் வேங்கைவயலின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தபோது, நீரின் தரம் சாதியின் கேள்வியாகவும் நின்றது. இங்கோ பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் குவியும் குப்பையை வெறுங்கையால் அள்ளுபவரின் உடல்நலம், சேரிக்கு அருகே கொட்டப்படும் கழிவு, காலனியின் ஆழ்துளைக் கிணற்று நீர் என்று கேள்விகள் காத்திருக்கின்றன.

கல்லூரியின் ஒவ்வோர் அறிவியல் துறையும் ஆகஸ்டிலேயே பயிற்சிகளின் பட்டியலைத் தமிழில் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். கடிதம் கேட்ட மாணவருக்கு மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரட்டும். தேர்வு பெற்ற பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு முதல் மாதச் செலவை ஆதிதிராவிடர் நலத்துறை முன்பணமாக வழங்க வேண்டுமென்று மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்க மாணவர் அமைப்புகளை அழைக்கிறோம்.