எர்த் கம்பியும் கருவாடும்

கடலூர் சிப்காட்டை ஒட்டிய குடிகாட்டிலிருந்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: புது வீட்டு எர்த் குழிக்கு ஒற்றைக் கம்பி போடுவதா, பல இழை முறுக்கிய கம்பியா? “மின்னல் மேல்தோலில்தான் ஓடும், இழை கூடினால் தோலும் கூடும், முறுக்குக் கம்பிதான் உசத்தி” என்று கடையில் சொன்னார்களாம்.

இதை நம்பிக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரம் செம்புக்குள் சுமார் 9 மில்லிமீட்டர் ஆழம் இறங்கும். இரும்பில் அது குறைவு, மின்னலுக்கு இன்னும் குறைவு. ஆனாலும் இழைகள் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும்வரை கற்றை முழுவதும் ஒரே கம்பி போலத்தான் நடந்துகொள்ளும்.

தோல் கூடுவது மட்டும் உண்மை. அதைத் தேடி வருவது துரு.

கடலூர் துறைமுகத்தில் கருவாடு போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு கைப்பாடம். நெத்திலியில் உப்பு உடனே ஏறிவிடும். வஞ்சிரத்தை வகுந்து விரித்தால்தான் உப்பு நடுச்சதைக்குப் போகும். நம் ஊர் எட்டாம் நம்பர் ஜிஐ கம்பி, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி, 4.06 மில்லிமீட்டர் தடிமன்; அது வஞ்சிரம். அதே இரும்பை ஏழு இழையாக்கினால் ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர் நெத்திலி. மொத்த மேற்பரப்பு இரண்டரை மடங்குக்கும் மேல். சுற்றிலும் கால் மில்லிமீட்டர் அரித்துவிட்டதாக வையுங்கள். ஒற்றைக் கம்பியில் முக்கால் பங்கு இரும்பு மிஞ்சும். ஏழு இழையிலும் ஈரம் புகுந்திருந்தால் பாதிகூட மிஞ்சாது. புகாமலும் இருக்காது: இழைகளின் இடுக்கு தண்ணீரைத் திரி போல உறிஞ்சும். கட்டாகக் கட்டிய நெத்திலி வெளியே காய்ந்தாலும் உள்ளே ஈரம் காப்பதுபோல, வெயில் அடித்த பிறகும் அந்த உப்புத் தண்ணீர் நடு இழையை நனைத்தபடி இருக்கும்.

 

ஆகவே உப்பனாற்றங்கரைக் காற்றில், குழியிலிருந்து சுவர்வரை ஒற்றை ஜிஐ கம்பி அல்லது பட்டை. வீட்டுக்குள் பைப்பில் இழுக்கும் பச்சை ஒயர் பல இழைச் செம்பாகவே இருக்கட்டும். மெல்லிய இழை வளைவில் குறைவாகவே நீளும், அதனால் எளிதில் ஒடியாது. மோட்டார் அதிரும் இடத்திலும் அதுதான் சரி.

நான் அதிகம் கவலைப்படுவது இரண்டும் சேரும் முடிச்சைப் பற்றி. செம்பை ஜிஐ மீது நேராகச் சுற்றிவிட்டால், உப்பு ஈரம் பட்டதும் அங்கே ஒரு குட்டி பேட்டரி உருவாகித் துத்தநாகத்தைத் தின்னத் தொடங்கும். செம்பு ஒயரின் முனையில் வெள்ளீயம் பூசிய லக்கை அழுத்தி, போல்ட் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவச் சொல்லுங்கள். அந்த இணைப்பு மண்ணுக்குள் புதையாமல், மூடியைத் திறந்தால் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். வருடம் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் திறந்து பாருங்கள்.